வேளாவைப் பார்க்காத கரை

கடலூரில் என்னை முதலில் வரவேற்றது ஒரு வெள்ளாடு. பேருந்து நிலையத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நான் தண்ணீர் குடித்த நேரத்தில், பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கோப்பின் மூலையை அது நிதானமாக மென்றுகொண்டிருந்தது. விரட்டிவிட்டுப் பார்த்தால், முதல் பக்கத்தில் ‘ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள்’ என்று இருந்த இடம் ஆட்டின் வயிற்றுக்குள் போய்விட்டது. போகட்டும், எனக்கு நாள் மனப்பாடம். திங்கட்கிழமை. அன்றைக்கு வியாழன்.

என்னை அனுப்பி வைத்தவள் தேன்மொழி. கல்லூரியில் ஒரே பெஞ்சு, இப்போது வக்கீல். கட்சிக்காரர் வந்து கூண்டில் நிற்கவே முடியாத வழக்குகளாகப் பார்த்து எடுப்பாள்: ஆமை, கழுகு, கடல் பசு. இந்த முறை வேளா. குளியலறையில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டதால், கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்தபடி எனக்கு உத்தரவு போட்டாள்.

வேளா என்பது மீன். பார்வைக்குச் சுறா மாதிரி இருக்கும், முகத்தில் இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பம் நீண்டிருக்கும். உலகத்திலேயே மிச்சம் கொஞ்சம்தான் என்கிறார்கள். நம் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு இதற்கும் உண்டு. இப்போது அதிலிருந்து இறக்கிக் கீழ் அட்டவணையில் போட ஒரு வரைவு வந்திருக்கிறது. காரணம்? இந்தக் கரையில் அதை யாருமே பார்க்கவில்லையாம். இல்லாத மீனுக்கு எதற்குச் சட்டம் என்று கேட்கிறது வரைவு.

“ஒரே ஒரு ஆள் போதும்டி. சமீபத்துல கண்ணால பார்த்தேன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டுட்டா, அந்தக் காரணம் படுத்துடும்” என்றாள் தேன்மொழி. “நீ கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர். வாக்குமூலம் எப்படி எழுதணும்னு உனக்குத் தெரியும். போய்ட்டு வா.”

எனக்கு ஊர் கோயம்புத்தூர். கடல் என்றால் வருஷத்துக்கு ஒரு முறை போய்க் கால் நனைத்துவிட்டு, மணலை வீடு வரை கொண்டுவந்து திட்டு வாங்குகிற விஷயம். மீன்காரர்களோடு எப்படிப் பேசுவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர், “இந்நேரத்துக்கு ஏலம்லாம் முடிஞ்சிருக்குமே மேடம்” என்று சொல்லிக்கொண்டே கூட்டிப் போனார். அவர் சொன்னது சரி. ஐஸ் உடைக்கிற சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது.

வலைக்குவியல் மேல் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர் மரியாதையில் ஆரம்பித்தேன். “ஏனுங்ணா, வேளா மீனு இந்தப் பக்கம் வருதுங்களா?”

நாலு பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபத்தில் திருப்பியது இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி, ஊர்ப் பக்கம் பார்த்தார்கள். அப்புறம் மூத்தவர் சொன்னார்:

“நாங்க அத பாக்கறதில்லம்மா.”

சரி, இல்லைபோலிருக்கிறது என்று அடுத்த படகுக்குப் போனேன். அங்கேயும் அதே. முகம் ஊர்ப் பக்கம் திரும்பியது. “நாங்க அத பாக்கறதில்ல மேடம்.” ஐஸ் கம்பெனி வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், பெட்ரோல் கேன் தூக்கிப் போனவர், கடையில் எனக்குக் கானாங்கெளுத்தி வறுத்துப் போட்ட அம்மா, எல்லோரும் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. வறுவல் பிரமாதம். ஆனால் அந்த அம்மா என் மேசைக்குத் திரும்ப வரவே இல்லை. தண்ணீர் நானே எழுந்து எடுத்துக் குடித்தேன்.

பிற்பகலில் துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் சின்ன அம்மன் கோயிலைப் பார்த்தேன். கூரையடியில், விட்டத்தில் கட்டி, மஞ்சள் துணி சுற்றிய நீளமான ஏதோ ஒன்று தொங்கியது. துணி புதிது. அதன் மேல் வைத்திருந்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. சாமிக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் நம்மைப் பார்த்துத்தானே இருக்கும்? இது சுவரைப் பார்த்துத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. யாரும் இல்லை என்கிற தைரியத்தில் கையை நீட்டித் தடவினேன். துணிக்குள்ளே, விரலுக்கு விரல் இடைவெளியில், பல் பல்லாகத் தட்டுப்பட்டது. ஒன்பதாவது பல் வரைக்கும் எண்ணினேன். பத்தாவதைத் தொடுவதற்குள் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினால், துண்டு கட்டிய ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. “வணக்கங்க” என்றேன். அவர் திரும்பவில்லை. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பரங்கிப்பேட்டைக்குக் கிளம்பினேன். அங்கே கலியமூர்த்தி என்று ஒருவர் பைபர் படகு வைத்திருக்கிறார், தேன்மொழிக்கு ஏதோ ஒரு கூட்டத்தில் அறிமுகம், ‘அவர் நல்ல மனுஷன், பேசுவார்’ என்று சொல்லியிருந்தாள். சிதம்பரம் என்று பலகை போட்ட பேருந்தில் ஏறி, முட்லூரில் இறங்கி வண்டி மாறிக்கொள்ளலாம் என்று சன்னலோரம் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தேன்.

வரைவுக்குப் பின்னால் ஆதாரமாக ஒரு ஆய்வறிக்கை இணைத்திருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் கரையோரம் முழுக்கப் படிவம் கொடுத்து, ‘வேளா மீனைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று மீனவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் எல்லாம் ஆங்கிலத்தில். வரிசையாக, பக்கம் பக்கமாக, ‘நாட் சைட்டட்’, ‘நாட் சைட்டட்’. காணப்படவில்லை. நல்ல சுருக்கமான மொழிபெயர்ப்பு, யார் செய்தது என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

அங்கே என் முத்திரை இருந்தது. என் கையெழுத்தும்.

நினைவு வந்துவிட்டது. ஒரு நிறுவனம் கட்டுக் கட்டாகத் தமிழ்ப் படிவங்களை அனுப்பியிருந்தது. அவசரம் என்றார்கள். எல்லாவற்றிலும் ஒரே பதில். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடித்து நிரப்பியிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே, பில்டர் காபியை ஆற்றியபடி முடித்த வேலை. என்ன பதில் என்பது மட்டும் நினைவில் இல்லை. அறிக்கையில் தமிழ் மூலத்தைச் சேர்க்கவில்லை.

நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் ஒன்று குறுக்கே வந்து ஹாரன் சத்தம் காதைப் பிளந்தபோதுதான் வெளியே பார்த்தேன். உப்புக்காற்று இல்லை. செம்மண்ணும் முந்திரியும். பக்கத்தில் காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாவிடம் கேட்டேன்.

“முட்லூரா? அது கடலோர வண்டிம்மா. இது வடலூர் சுத்திப் போற வண்டி. குறிஞ்சிப்பாடி வந்துடுச்சு பாரு” என்று சிரித்தார். “போர்டு ஒண்ணுதான். வழிதான் வேற. படிச்சவங்கதான் ஜாஸ்தி ஏமாறுவாங்க.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனுஷியாக இருக்கிறாரே என்று, “ஏனுங்கம்மா, இந்த வேளா மீனு...” என்று தொடங்கினேன். பேருந்துக்குள்ளே, கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், அந்த அம்மா ஒரு நொடி திசை பார்த்தார். கிழக்கு எது என்று கண்டுபிடித்தார். அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, “நாங்க அத பாக்கறதில்ல” என்றார். என் கைமயிர் சிலிர்த்துவிட்டது. குறிஞ்சிப்பாடியில் இறங்கி, இரண்டு வண்டி மாறினேன்.

பரங்கிப்பேட்டைக்குள் போனபோது ஜும்ஆ தொழுகை நேரம். கடைகளெல்லாம் பாதி ஷட்டர். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய பெரிய வீடுகள் கதவடைத்துக் கிடந்தன. தெருவில் ஆள் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை. பட்டப்பகலில், நடக்கிற என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. எங்கள் ஊரில் அந்த நேரத்தில் சிக்னலில் நின்றால் காது செவிடாகும். இங்கே நான் ஒருத்தி மட்டும் ஊருக்குள் விடப்பட்ட மாதிரி ஒரு பயம். தொழுகை முடிந்து ஜனம் தெருவில் நிறைந்தபோதுதான் மூச்சு வந்தது.

கலியமூர்த்தி ஆற்றோரம் காத்திருந்தார். ஐம்பதை நெருங்குகிற ஆள், குள்ளம், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. கூடவே அவர் மனைவியின் தம்பி தனசேகர். அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் மீன் குழம்பும் சுடுசோறும் போட்டார்கள். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்பு சாதத்தையே உலகத்தின் உச்சம் என்று நினைத்திருந்த நான் மூன்றாம் முறை சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடிந்ததும் விஷயத்தைச் சொன்னேன்: வரைவு, திங்கட்கிழமை, பார்த்த சாட்சி ஒருவர்.

“நாங்க பாக்கறதில்லக்கா” என்றார் கலியமூர்த்தி. முகம் திரும்பியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாளாக இதே பாட்டு. “அப்ப நிஜமாவே இல்லைங்களா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் ஊரைப் பாத்துப் போறேன்” என்றேன்.

தனசேகர் ஏதோ சொல்ல வந்தார். கலியமூர்த்தி கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: “காலைல ஏழு மணிக்கு வாங்க. மொகத்துவாரம் வரைக்கும் போய்ட்டு வருவோம். வலை கெடக்குது, எடுக்கணும். பொம்பளைங்க ஏறக்கூடாதும்பாங்க. நீங்க ஆபீசருன்னு சொல்லிக்கிறேன்.”

சனிக்கிழமை காலை வெள்ளாற்றில் காற்றே இல்லை. ஆறு கடலில் சேருகிற இடம் எண்ணெய் ஊற்றிய தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது, ஆனால் எதற்கும் நிழல் விழாத மாதிரி வெளிச்சம். படகில் நாங்கள் மூன்று பேர்தான். தனசேகர் எஞ்சினை நிறுத்தியதும் அமைதி வந்து காதை அடைத்தது. வலையை இழுக்க ஆரம்பித்தார்கள். கொஞ்சம் மடவை மீன், இரண்டு நண்டு, ஒரு பிளாஸ்டிக் குடம். குடத்தைப் பார்த்துத் தனசேகர், “மச்சான், இன்னைக்கு நல்ல மீன்பாடு” என்று கிண்டல் செய்தார்.

அப்போது வலையின் மிதப்புக்கட்டைகள் தண்ணீருக்குள் போயின. ஒன்று, அடுத்தது, அடுத்தது. சத்தமே இல்லை. படகு மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. இழுத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

“மச்சான்” என்றார் தனசேகர், கிண்டல் இல்லாத குரலில்.

“திரும்பிக்குங்கக்கா” என்றார் கலியமூர்த்தி.

நான் எதற்காக நானூறு கிலோமீட்டர் வந்தேன்? பார்க்கத்தானே? பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றுதானே அலைந்தேன்? அந்த ஆளாக நானே ஆகியிருக்கலாம், கழுத்தைத் திருப்பாமல் இருந்தால் போதும். ஆனால் அவர் சொன்ன விதத்தில், அந்த அமைதியில், என் உடம்பு என்னைக் கேட்காமல் திரும்பிவிட்டது. மூன்று பேரும் ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் மசூதி மினார், இரண்டு தென்னை, கரையில் காயும் ஒரு பச்சைப் புடவை. அந்தப் புடவையின் கரை எப்படிப்பட்டது என்றுகூட இன்றைக்கும் சொல்வேன். அவ்வளவு உற்றுப் பார்த்தேன்.

முதுகுக்குப் பின்னால் படகின் பக்கத்தில் ஏதோ உரசியது. மரம் அறுக்கிற சத்தம் மாதிரி, நிதானமாக, ஒரு தரம் போய் ஒரு தரம் வந்தது. கலியமூர்த்தி திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் கொண்டுபோனார். கத்தியால் நூல் அறுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் எழும்பி என் முதுகை நனைத்தது. படகு நிமிர்ந்தது.

அப்புறம் மிதப்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. வலையில் ஒரு ஆள் நுழைகிற அளவு ஓட்டை. “என்னதுங்க அது?” என்று கேட்டேன்.

“தெரியாதுக்கா. நாங்க பாக்கறதில்ல” என்றார் கலியமூர்த்தி, கத்தியைத் துடைத்துக்கொண்டு.

இந்த முறை அது என் காதில் சரியாக விழுந்தது. பார்ப்பதில்லை. பார்த்ததில்லை அல்ல. ‘பாத்ததில்ல’ என்றால் கண்ணில் பட்டதே இல்லை என்று அர்த்தம். ‘பாக்கறதில்ல’ என்றால், வரும், ஆனால் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று அர்த்தம். கடலூர் கரையில் அத்தனை பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். படிவத்திலும் அதே உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இப்போது அந்தப் படிவங்கள் நினைவுக்கு வந்தன: கோணல் எழுத்தில், ‘பாக்கறதில்லை’, ‘பார்ப்பதில்லை’. படிப்பில்லாதவர்கள், காலத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் இலக்கணத்தை நான் திருத்தினேன். திருத்தி, வருகிற மீனை இல்லாத மீனாக ஆக்கினேன். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

கரைக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும் கலியமூர்த்தி தானாகவே சொன்னார். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், சட்டம் வந்த புதிதில், இந்தக் கரையில் ஒருத்தர் வலையில் சிக்கிச் செத்த வேளாவைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். கேஸ். கோர்ட்டுக்கு அலைந்தே அவர் தொழில் போனது. “பாத்தியா, பாத்தியான்னு ஊரையே கூப்ட்டு கேட்டாங்கக்கா. சாமி மேல கை வெச்சு பொய் சொல்ல முடியுமா? அதான் அப்ப பெரியவங்க முடிவு பண்ணாங்க. வந்தா அறுத்து உட்டுடு. பாக்காத. பாக்கலன்னா பொய்யில்ல.”

“அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன்” என்றார் தனசேகர். “அந்தச் சட்டத்த எடுத்துட்டா நமக்கு நல்லதுதான? இந்தக் கழுத்து வலியாவது உடும்.”

“அடப் போடா. எடுத்துட்டா நாம மட்டுமா பாப்போம்? பெரிய போட்டுக்காரன் பாப்பான். ரெக்கைய வாங்கி விக்கறவன் பாப்பான். அப்புறம் பாக்கறதுக்கு அது இருக்குமா?” என்றார் கலியமூர்த்தி. தனசேகர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

நான் என் முத்திரையைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதியது நான்தான், உங்கள் பேச்சை மாற்றியது நான்தான் என்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்தார். “அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. எங்க பேரு வேணாம். உங்க பேர போட்டு எழுதுங்க” என்றார்.

நியாயம்தான். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. தப்பாக மொழிபெயர்த்தேன் என்று சத்தியம் செய்து கொடுக்கிற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், தன் கிளையைத் தானே வெட்டுகிறவர். நாளைக்கு எந்த வக்கீலும் என் பழைய மொழிபெயர்ப்பையெல்லாம் தோண்டலாம். முப்பது வருஷமாக அடுத்தவர் வார்த்தைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தவள் நான். தேன்மொழிக்குப் போன் செய்தேன். அவள், “நீ யோசிச்சுக்கோ. எழுதுன்னு நான் கேக்க மாட்டேன்” என்றாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, நோட்டரியைத் தேடிச் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். கலியமூர்த்தியும் கூட வந்தார். ஓட்டைக்கு நூல் வாங்கணும் என்றார். மேலவீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சம்பா சாதமும் கொத்சும் சாப்பிட்டோம். சுட்ட கத்தரிக்காயில் புளி ஊற்றி இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று கோயம்புத்தூரில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. வேறு நாளாக இருந்தால் செய்முறை கேட்டிருப்பேன். அன்றைக்குக் கொத்சைப் புடவையில் கொட்டிக்கொண்டேன்.

நோட்டரி வக்கீலின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது. வயதானவர், காதில் பூ. பிரமாணப் பத்திரத்தை நான் சொல்லச் சொல்லத் தட்டெழுத்துப் பெண் அடித்தாள். கலியமூர்த்தி சுவரோரப் பெஞ்சில் நூல்கண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நோட்டரி படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

“இன்னைக்குக் காலைல படகுல போனேன்னு எழுதியிருக்கீங்க. மீனைப் பாத்தீங்களா?”

“இல்லைங்க. திரும்பிட்டேன்.”

“பாக்காததுக்கு ஒரு பத்திரமா?” என்று சிரித்தார்.

“மீனுக்கு இல்லைங்க. நான் பண்ணின தப்புக்கு” என்றேன். “‘பார்ப்பதில்லை’ங்கிறதைப் ‘பார்த்ததில்லை’ன்னு மாத்தினது நான். அதுக்குத்தான் சத்தியம் பண்றேன்.”

சிரிப்பு நின்றது. பத்திரத்தை இன்னொரு முறை படித்தார். பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அவ்வளவு பெரிதாக எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான்.

“இன்னொண்ணு எழுதணும் சார்” என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. கலியமூர்த்தி எழுந்து நின்றிருந்தார். “என் பேர்ல. நான் ஒரு தடவ பாத்துட்டேன்.”

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நோட்டரியையும் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்துச் சொன்னார்.

“போன மழைக்கப்புறம், வெள்ளாத்துல தண்ணி கலங்கலா வந்தப்ப. திரும்பிட்டுதான் அறுத்தேன் சார். கைல அதோட ரம்பம் பட்டுச்சு. ரம்பம்னா கைய கிழிக்கணுமில்ல? கிழிக்கல. மெத்துன்னு இருந்துச்சு. பயந்துட்டேன். அதான் பாத்துட்டேன். குட்டிங்க. மூணு. ஒவ்வொண்ணும் என் கை நீளம்தான். ரம்பத்து மேல பூரா நுங்கு மாதிரி ஒரு தோல் மூடியிருந்துச்சு. பெத்தவ வயித்த கிழிச்சிடக் கூடாதுன்னு ஒறை போட்டு அனுப்புன மாதிரி. கண்ணு தெறந்து என்னப் பாத்துச்சு சார். ஊட்லகூட நான் சொல்லல.”

தேன்மொழிக்குப் போனைப் போட்டு, அவரை மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னேன். அப்புறம் அவள் குரல் உடைந்து வந்தது. “அந்தத் தோலு பொறந்து கொஞ்ச நாள்லயே கழண்டுடும்டி. கண்ணால பாக்காதவங்க யாரும் அதைக் கற்பனை பண்ணிச் சொல்ல முடியாது. அது அங்கேயே குட்டி போடுது. எழுதச் சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாம எழுதச் சொல்லு.”

தட்டெழுத்துப் பெண் எழுதினாள். நான் பக்கத்தில் நின்று, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொன்னேன். எதையும் திருத்தவில்லை. கலியமூர்த்தி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்துவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். அவருடைய வண்டி வந்து நின்றபிறகுதான் கேட்டார்.

“அக்கா, எழுதிக் குடுத்துட்டமில்ல. இனிமே அது வலைல வந்தா நாங்க திரும்பிக்க வேணாமில்ல?”

மீனைக் காப்பாற்றச் சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டத்துக்குப் பயந்து கடலூரும் பரங்கிப்பேட்டையும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. வலையை அறுத்து அதை விடுகிறவனைக் காப்பாற்ற ஒரு வரி எங்கேயாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இவர் கையெழுத்து இவருக்கே கேஸாகத் திரும்புமா என்றும் தெரியாது. அவருக்குப் பொய்யான பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

“தெரியலைங்க” என்றேன்.

கலியமூர்த்தி முகத்தைத் திருப்பாமல் என்னைப் பார்த்தார்.

“செரி. பாப்போம்க்கா” என்று சொல்லிவிட்டு, நூல்கண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.